நோய் நீதிபதி ஆகலாமா?

கைதட்டல்! கூரை அதிரும் கைதட்டல்! பள்ளி ஆண்டுவிழா மேடையில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன், கந்தல் போர்வையைத் தோளிலே போர்த்து, விரல்களை மடக்கி, குரலைக் கரகரப்பாக்கி, "காந்தா!" என்று நீட்டி முழக்கினான். பெற்றோர் சிரித்தனர், ஆசிரியர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். நடிகவேள் எம்.ஆர். இராதா 1979இல் மறைந்தார். அவர் குரல் இன்றும் ஒரு சிறுவனின் தொண்டையிலே எழுந்து அரங்கை ஆட்டிப் படைக்கிறதே என்று பெருமிதமும் கொண்டோம்.

மறுநாள் வகுப்பு முடிந்தபின், மாணவன் ஒருவன் நம் மேசையருகே வந்து நின்றான். முதல்நாள் அவன் சிரிக்கவில்லை என்பதை நாம் கவனித்திருக்கவில்லை.

"சார், அந்த நோவு தப்புப் பண்ணினவங்களுக்குத்தான் வருமா?" என்று கேட்டான்.

ஏனப்பா இந்தக் கேள்வி என்றோம்.

"எங்க ஆயாவுக்கு வந்துச்சு, சார். மருந்து சாப்பிட்டு எப்பவோ சரியாயிடுச்சு. ஆனா விரல் இல்ல. ஆயா என்ன தப்பு பண்ணுச்சு?"

முதல்நாள் பெருமிதம் அந்த நொடியே நம்மை விட்டு அகன்றது. பாட்டிக்கு வந்தது கிருமியால் வந்த நோய், குற்றத்தால் வந்ததன்று என்று அவனிடம் சொன்னோம். அவன் தலையசைத்துப் போனான். ஆனால் அவன் கேள்வி போகவில்லை. அதற்கு முழு விடை சொல்ல வேண்டுமானால், இயக்கத்தார் அனைவரும் உச்சிமேல் வைத்து மெச்சும் ஒரு படத்தை உரைகல்லில் உரைத்துப் பார்க்கவேண்டும். செய்யலாமா? செய்யத்தான் வேண்டும். பகுத்தறிவு என்பது அடுத்த வீட்டுத் திண்ணையைக் கூட்டுவதற்கு மட்டும் நாம் எடுத்த துடைப்பம் அன்று.

பத்தாண்டில் ஒரு பாய்ச்சல்

'இரத்தக் கண்ணீர்' 1954இல் திரைக்கு வந்தது. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, நடிகவேள் ஊர் ஊராக நடத்திய நாடகம் அது. நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் படமாக எடுத்தார். 'பராசக்தி'யை இயக்கிய கிருஷ்ணன் பஞ்சு இருவரே இதனையும் இயக்கினர். கதையை அறியாதார் குறைவு. வெளிநாடு சென்று திரும்பிய செல்வன் மோகனசுந்தரம், மணந்த மனைவி சந்திராவைப் பட்டிக்காடு என்று பழித்து ஒதுக்குகிறான், காந்தா என்னும் தாசியின் வீட்டிலே பொருளையும் பொழுதையும் கொட்டுகிறான், பெற்ற தாயை உதைக்கிறான், தொழுநோய் பற்றுகிறது, பணம் கரைந்தபின் காந்தா விரட்டுகிறாள், கண்ணிழந்து, தெருவில் இரந்து திரிந்து, முடிவில் தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்கே மணமுடிக்கக் கேட்டு மடிகிறான்.

இந்தப் படத்தின் அருமையை அறிய, பத்தாண்டு முன்னே செல்லவேண்டும். 1944 தீபாவளிக்கு வந்தது 'ஹரிதாஸ்'. பாகவதர் பாடினார்; சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று இன்றும் பேசுவர். அதிலும் செல்வன் ஒருவன். அதிலும் மயக்கும் தாசி ஒருத்தி. அதிலும் பெற்றோர் பழிக்கப்படுகின்றனர். அதிலும் சொத்து பறிபோகிறது. அதிலும் தண்டனை உடலின்மேல் விழுந்து, ஹரிதாஸ் காலை இழக்கிறான். பிறகு? உருகுகிறான், பாடுகிறான், இழந்த கால் அருளால் திரும்புகிறது!

இன்னும் பின்னே செல்வோம். அருணகிரிநாதரைப் பற்றி வழங்கும் கதை என்ன? பரத்தையரிடம் பொருளிழந்து, நோயுற்று, திருவண்ணாமலைக் கோபுரத்தின் மீதேறிக் குதித்தவரை முருகன் கையில் ஏந்திக் காத்தான் என்பது அக்கதை. காமம், நோய், கதறல், கடவுள் என்னும் நான்கு படிகள், நூற்றாண்டுக் கணக்கில் நம் மக்கள் ஏறி இறங்கிய படிக்கட்டு.

'இரத்தக் கண்ணீர்' இந்தப் படிக்கட்டின் நான்காம் படியை உடைத்தெறிந்தது! மோகன் கதறுகிறான், எந்த வேலும் வரவில்லை, எந்தக் குழலும் ஊதவில்லை. அவன் பாடித் தொழவும் இல்லை; பிச்சையெடுக்கும் நிலையிலும் பேசுகிறான், இடிக்கிறான், போலிப் பக்தரைக் கேலி செய்கிறான், கேட்பவன் வெட்கும்படி கேள்வி கேட்கிறான். அருளுக்கு ஏங்கும் பாவியாக அல்லாமல், தான் செய்ததைத் தானே எடுத்துரைக்கும் மனிதனாக அவன் சாகிறான். தமிழ்ப் படவுலகில் அது பெரும் பாய்ச்சல். அதனை மறப்பவன் நன்றி கெட்டவன்.

மோகனின் பசி

இனி, காமத்தை அப்படம் எப்படிக் காட்டுகிறது என்று பார்ப்போம். கட்டுக்கடங்காத காமவேட்கையைப் படமாக்குவோர் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்றுண்டு: பெண்ணின் உடலைக் காட்டி, அதுதான் காரணம் என்று விட்டுவிடுவர். தங்கராசின் எழுத்தும் இராதாவின் நடிப்பும் அதனினும் ஆழமாகச் சென்றிருக்கின்றன.

மோகன் காந்தாவிடம் தேடுவது என்ன? உடலின்பம் மட்டும் என்றால், அவன் ஏன் ஓயாமல் பேசுகிறான்? அவன் பேச்சைக் கேட்க ஓர் அவை வேண்டும். தாயின் வீட்டிலே அவன் மகன்; சந்திராவின் எதிரிலே கணவன்; தொழிலாளரிடையே முதலாளி. ஒவ்வோர் இடத்திலும் ஒரு கடமை உண்டு. காந்தாவின் வீட்டிலோ கடமை இல்லை, புகழ் மட்டுமே உண்டு. அவன் உடை அங்கே நாகரிகம், அவன் அரைகுறை ஆங்கிலம் அங்கே அறிவு, அவன் செருக்கு அங்கே வீரம். அந்தப் புகழுக்கு விலை உண்டு என்பதையும் அவன் அறிவான். விலை கொடுக்க முடிவதே அவனுக்கு இன்பம். காமம் என்று நாம் பொதுவாகச் சொல்வதன் உள்ளே, இகழ்ச்சியும் தற்பெருமையும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதை இந்த முதற்பாதி தோலுரித்துக் காட்டுகிறது. மனைவியை வெறுத்ததால் தாசியிடம் சென்றானா, தாசியிடம் செல்வதற்காக மனைவியை வெறுத்தானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மனித இயல்பு அப்படித்தான்; ஒரு தவற்றுக்குத் துணையாக ஓர் எண்ணத்தை உண்டாக்கிக்கொள்ளும், பிறகு அந்த எண்ணத்தால்தான் தவறே நிகழ்ந்தது என்று வாதாடும்.

இரண்டாம் பாதியிலே இன்னும் கூரிய உண்மை ஒன்று இருக்கிறது. பணம் போயிற்று, வீடு போயிற்று, கண் போயிற்று. காந்தாவோ துரத்திவிட்டாள். ஆயினும் அவன் வாய் அந்தப் பெயரை விடுகிறதா? அழைக்கிறான், ஏசுகிறான், நையாண்டி செய்கிறான், மறுபடி அழைக்கிறான். ஒரே பெயர், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு குரலில்! வெறுப்புக்குள் ஏக்கம், ஏக்கத்துக்குள் சிரிப்பு. இன்பம் அற்றுப்போன பின்னும் அடிமைத்தனம் அறுவதில்லை என்பதை எந்த விளக்கவுரையும் இன்றி அந்தக் குரல் காட்டிவிடுகிறது. மேடையிலே பிள்ளைகள் போலிசெய்வது அந்தக் குரலைத்தான். ஆனால் அவர்கள் அதிலே கேட்பது வேடிக்கை மட்டுமே. அதன் அவலத்தை அவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுத்தோமில்லை.

ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுவோம். மோகனின் கேட்டுக்கு வித்து வெளிநாட்டிலிருந்து வந்தது போலப் படம் தோற்றம் தருகிறது. கோட்டும் தொப்பியும் வருகின்றன, கூடவே காமமும் வருகிறது! கோவலன் எந்தக் கப்பலில் ஏறி எந்தச் சீமைக்குச் சென்றுவந்தான்? இந்திரன் எந்தக் கல்லூரியில் பயின்று அகலிகையின் குடிசைக்குச் சென்றான்? மிட்டாமிராசுகளின் 'மைனர்' பிள்ளைகள் பஞ்சகச்சமும் பட்டுத்துண்டுமாகத்தானே அலைந்தனர்? காமம் இறக்குமதிச் சரக்கு அன்று. தமிழர் அதனை மறைத்ததும் இல்லை. அகம் என்று அதற்குப் பெயரிட்டுப் பாடினர். வள்ளுவர் 25 அதிகாரங்களை அதற்கென்றே ஒதுக்கினார். அவரே, பிறன்மனை விழைதலையும் விலைமகளிர் உறவையும் கடிந்து பொருட்பாலிலும் அறத்துப்பாலிலும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். வேட்கை குற்றமன்று, வேட்கைக்காக இன்னோர் உயிரை மிதிப்பதே குற்றம் என்பது அந்தப் பகுப்பின் பொருள். 'இரத்தக் கண்ணீர்' இந்தக் கோட்டைத் தெளிவாகப் போடவில்லை. அதனால்தான் பின்னே வழுக்குகிறது.

காந்தா யார்?

வழுக்கும் முதலிடம் காந்தா. எம்.என். இராஜம் அந்தப் பாத்திரத்தில் சிறிதும் இரக்கத்தைக் கலக்காமல் நடித்தார், துணிவான நடிப்பு. ஆனால் எழுத்து அவளுக்கு என்ன செய்தது? வஞ்சகி என்றது, வாங்கித் தின்றவள் என்றது, முடிவில் வானூர்தி விபத்தில் எரித்துவிட்டது. அவள் எப்படித் தாசியானாள் என்று ஒரு சொல் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டது யார்? இயக்கம்தானே! பொட்டுக்கட்டும் கொடுமையின் உள்ளிருந்தே வெளிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினத்தை வெளியிட்டார். தாசியின் சூழ்ச்சியையும் அவர் மறைக்கவில்லை. அந்தச் சூழ்ச்சியை வாழ்க்கைத் தொழிலாக்கிய கோயிலையும் குலவழக்கையும் விட்டுவைக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே போராடினார். வைதீகர் எதிர்த்தனர், கலை அழியும் என்றனர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. அதற்கு ஏழாண்டு கழித்து வந்த படம் இது. சட்டம் வந்ததால் ஒரு தலைமுறைப் பெண்கள் பழைய பிழைப்பும் இன்றிப் புதிய பிழைப்பும் இன்றி நின்ற காலம் அது. அவர்களுள் ஒருத்தி அரங்கிலே அமர்ந்து இப்படத்தைக் கண்டிருப்பாளாயின், காந்தாவுக்குக் கிடைத்த கைதட்டலற்ற சாவைக் கண்டு என்ன நினைத்திருப்பாள்?

மோகன் வாங்கினான், காந்தா விற்றாள். வாங்கியவனுக்கு மனந்திரும்ப இரண்டாம் பாதி முழுதும் தரப்பட்டது. விற்றவளுக்கு ஒரு காட்சியும் தரப்படவில்லை. ஆணுக்குக் கண்ணீர், பெண்ணுக்கு நெருப்பு! வானூர்தியை வீழ்த்தியது யார்? விபத்து என்கிறது கதை. கதையிலே விபத்து என்பது ஆசிரியரின் தீர்ப்பே அன்றோ?

கொல்லைப்புறம் வந்த கர்மவினை

இப்போது, அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம்.

மோகனுக்குத் தொழுநோய் ஏன் வந்தது? படம் தரும் விடை ஒன்றே: அவன் ஆடிய ஆட்டத்தால் வந்தது. இந்த விடை எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். முற்பிறவிப் பாவம் இப்பிறவி நோய் என்றவர் யார்? கண்ணன் மகன் சாம்பனுக்குச் சாபத்தால் பெருநோய் வந்தது என்று எழுதிவைத்தது எந்தப் புராணம்? அதே கணக்குத்தான், வட்டி மட்டும் விரைவு! முற்பிறவிக்குப் பதிலாக இப்பிறவியிலேயே கணக்கு முடிக்கப்படுகிறது. அருணகிரியின் கதையிலிருந்து நான்காம் படியை உடைத்த நாடகம், மூன்றாம் படியைத் தொடவில்லை. முன்வாசலில் கடவுளை விரட்டிய பெருமையிலே, கொல்லைப்புறம் வழியாகக் கர்மவினை உள்ளே வந்து திண்ணையில் அமர்ந்ததை எவரும் பார்க்கவில்லை.

அறிவியல் சொல்வது என்ன? 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். பாவமன்று, பரம்பரையன்று, கிருமி! மருந்துண்ணாத நோயாளியுடன் நெடுங்காலம் நெருங்கி வாழ்வோர்க்கு மூக்கு, வாய்வழிச் சிந்தும் நுண்துளிகளால் அது தொற்றுகிறது. மக்களிற் பெரும்பாலோர்க்கு அதனை வெல்லும் ஆற்றல் உடலிலேயே அமைந்திருக்கிறது. உடலுறவால் பரவும் நோய் அன்று. தாசியின் வீட்டுக்குச் சென்றவனுக்கும் வரலாம். தாலியைத் தவிர வேறொன்றும் அறியாதவளுக்கும் வரலாம். பள்ளிப் பிள்ளைக்கும் வரலாம். விரல்கள் தாமாக அழுகி விழுவதும் இல்லை. நரம்பு உணர்விழந்ததால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல், காயத்தின்மேல் காயம் பட்டுக் குறைகின்றன. இதனை உலகுக்கு விளக்கிக் காட்டியவர்களுள் தலைசிறந்தவர் டாக்டர் பால் பிராண்டு. எங்கே? நம் வேலூரிலே! 1940களின் பிற்பகுதியில், 'இரத்தக் கண்ணீர்' நாடக மேடைகளில் முழங்கிய அதே காலத்தில், வேலூர் மருத்துவமனையில் அவர் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஒருபுறம் மடங்கிய விரலை நிமிர்த்தும் மருத்துவம். மறுபுறம் நிமிர்ந்த விரலை மடக்கிக் காட்டிக் கைதட்டல் பெறும் மேடை!

"அக்கால மக்கள் பால்வினை நோயையும் தொழுநோயையும் ஒன்றாகவே எண்ணினர், நாடகத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் தேவை, அதனால் எழுத்தாளர் அதைப் பயன்படுத்தினார்" என்று தோழர் சிலர் வாதிடுவர். மக்கள் எண்ணினர் என்பதற்காக ஏற்றுக்கொள்வதாயின், சூரிய கிரகணத்தைப் பாம்பு விழுங்கிற்று என்பதையும் ஏற்கலாமே! மக்கள் எண்ணத்தின் எதிரே நின்று பேசுவதற்கென்றே எழுந்த மேடை அது. மற்ற எல்லாவற்றிலும் எதிர்நின்ற மேடை, இந்த ஒன்றில் மட்டும் கூட்டத்தோடு நடந்தது.

அந்த எண்ணம் வெறும் எண்ணமாக நிற்கவும் இல்லை; சட்டமாக நின்றது. நோயுற்ற இரவலரைப் பிடித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தொழுநோயை மணமுறிவுக்கு ஒரு காரணமாக வைத்திருந்தது. அது 2019இல்தான் அகற்றப்பட்டது. 1980களின் தொடக்கத்திலேயே கூட்டு மருந்து முறை வந்துவிட்டது. உரிய மாதங்கள் உண்டால் நோய் முற்றும் தீரும், மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறர்க்குத் தொற்றாது. அரசு மருத்துவமனையிலே இலவசம். இருந்தும் 2022-23ஆம் ஆண்டில் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டோர் ஓர் இலட்சத்துக்கு மேல். தோலிலே உணர்வற்ற படை ஒன்று தோன்றியவுடன் மருத்துவரிடம் ஓடவேண்டியவர், ஊர் என்ன சொல்லுமோ என்று மூடி மறைக்கிறார்; மறைத்த காலத்திலே விரல் போகிறது. ஊர் என்ன சொல்லும்? "என்ன ஆட்டம் ஆடினானோ!" என்று சொல்லும். அந்தச் சொல்லுக்கு நம் கலையும் ஒரு குரல் கொடுத்திருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அறத்தின் பக்கம் நின்று பார்த்தாலும் இந்தத் தண்டனை நிற்காது. காமத்தால் பிறர் வாழ்வைக் கெடுத்த எத்தனை செல்வர் நோயின்றி, நொடியின்றி, பேரன் பேத்தி சூழத் தூங்கிப் போனார்கள்! அவர்கள் செய்தது சரியென்றாகுமா? நோய்க்கு மருந்து வந்துவிட்டது; இனி மோகன் செய்ததிலே குற்றமில்லை என்றாகுமா? தண்டனைக்கு அஞ்சி நிற்கும் ஒழுக்கம், தண்டனை விலகியவுடன் விழும். மோகன் செய்த குற்றம் சந்திராவின் இளமையிலே எழுதப்பட்டிருக்கிறது. உதை வாங்கிய தாயின் நெஞ்சிலே எழுதப்பட்டிருக்கிறது. வீட்டின் உள்ளே சாட்சிகள் இருக்க, தெருவிலே சென்று ஒரு கிருமியைச் சாட்சிக்கு இழுத்துவருவானேன்?

தண்டனை இல்லாத ஒரு படம்

நோயும் விபத்தும் இன்றி இப்பொருளைப் படமாக்க முடியுமா? முடியும் என்பதற்கு ஒரு சான்று. 2011இல் ஸ்டீவ் மெக்குவீன் இயக்கிய 'ஷேம்' என்னும் ஆங்கிலப் படம் வந்தது. 'வெட்கம்' என்று பொருள். நியூயார்க் நகரிலே நல்ல வேலை, தூய வீடு, அழகிய தோற்றம் உடைய பிராண்டன் என்பவன், ஓயாத காமவேட்கைக்கு அடிமை. மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்தார். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் பரிசு பெற்றார். அவனுக்குப் பெருநோய் வருவதில்லை. அவன் சொத்து அழிவதில்லை. எந்தத் தாசியும் அவனை ஏமாற்றுவதில்லை. பின் எங்கே அவலம்? தன்னை மதிக்கும் ஒரு பெண்ணோடு மனம் ஒன்றிப் பழக முயலும்போது அவனால் அவளை நெருங்க முடியாமற் போகிறது. விலைகொடுத்துப் பெறும் அயலாரிடம் அந்தத் தடை இல்லை. துணைதேடி வரும் தங்கையின் குரலை அவன் கேளாமல் விடுகிறான். அவள் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்கிறாள். அதுதான் தண்டனை, வெளியிலிருந்து வந்ததன்று, அவன் வாழும் வாழ்வே அது. அப்படத்திலும் குறையுண்டு: அவன் பயன்படுத்தும் பெண்களிற் பலர் பெயரற்று வந்து பெயரற்றுப் போகின்றனர். காந்தாவின் துயரத்தைக் கேளாத செவி மேல்நாட்டிலும் உண்டு போலும்! ஆயினும், நோயை நீதிபதியாக்காமல் இப்பொருளைச் சொல்ல முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

மருத்துவ உலகமும் இதில் நிதானமாகவே அடியெடுத்து வைக்கிறது. 2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவர் கையேடு இதனைத் தனி நோயாக ஏற்கவில்லை. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாடு ஏற்றது. ஏற்றபோதும், குடி, சூது ஆகிய அடிமைப் பழக்கங்களின் வரிசையில் வைக்காமல், உந்துதலை அடக்கமுடியாக் கோளாறுகளின் வரிசையில் வைத்தது. நெடுநாள் முயன்றும் அடக்க முடியாமை, உடல்நலத்தையும் கடமையையும் கைவிடுதல், கேடு விளைந்தும் இன்பம் குன்றியும் விடமுடியாமை ஆகியன அதன் அடையாளங்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் தந்தது: ஒழுக்க நோக்கால் எழும் வெறுப்போ குற்றவுணர்வோ மட்டும் இருந்தால், அதனை இந்நோய் என்று சொல்லிவிடக் கூடாது. மிகுந்த வேட்கை மட்டுமே நோயாகாது என்பதும் அதன் கருத்து. நோயையும் பாவத்தையும் கலந்து குழப்பாதே என்று அறிவுலகம் கோடு கிழிக்கிறது.

இந்த அளவுகோலால் மோகனை அளந்து பாருங்கள். கடமையைக் கைவிட்டான், கேடு கண்டும் விடவில்லை, இன்பம் போனபின்னும் அந்தப் பெயரை விடவில்லை. 1954இலேயே இராதாவின் குரல் இவ்வளவையும் சொல்லிவிட்டது! அடிமைப்பட்ட மனத்தைக் காட்டும் வேலையை நடிப்பு முடித்துவிட்ட இடத்தில், தோலின்மேல் பூசிய புண்ணொப்பனை தேவையே இல்லை. அந்தக் கலைஞனின் ஆற்றல்மீது கதை வைத்த நம்பிக்கை போதவில்லை என்றே சொல்வோம்.

சிலை யாருக்கு?

முடிவுக் காட்சி. தன் மனைவியைப் பாலு மணக்கவேண்டும் என்று மோகன் கேட்கிறான். கணவன் கல்லானாலும் புல்லானாலும் காலடியில் கிட என்று பெண்ணுக்குப் போதித்த நாட்டில், கணவன் உயிரோடிருக்கும்போதே அவளுக்கு மறுமணம்! தொழுநோயுற்ற கணவனைக் கூடையில் சுமந்து பரத்தை வீட்டுக்கே கொண்டுசென்ற நளாயினியைக் கற்பின் சிகரம் என்று கதைத்தவர்க்கு, இதைவிடச் சாட்டையடி வேறு வேண்டுமா? இந்த ஒரு காட்சிக்காகவே அந்தப் படம் என்றும் வாழும்.

வாழட்டும், ஆனால் அங்கேயும் ஒரு கேள்வி. கொடுப்பவன் மோகன், பெறுபவன் பாலு. நடுவே நிற்கும் சந்திரா என்ன நினைக்கிறாள்? அவள் விருப்பமே முதலில் கேட்கப்பட்டிருந்தால், பெண்ணுரிமைக் காட்சி முழுமை பெற்றிருக்கும். துறந்தவனுக்கே தானம் செய்யும் உரிமையும் தரப்பட்டதால், பொருள் கைமாறுவது போன்ற நிழல் அதிலே விழுகிறது.

தன்னை இந்த நோய்க்கோலத்திலேயே சிலையாக்கி வையுங்கள், காண்போர்க்குப் பாடமாகட்டும் என்பது மோகனின் இறுதி வேண்டுகோள். அந்தச் சிலையின் அடியிலே மெய்யான தொழுநோயாளி ஒருவர் வந்து நின்றால், என்ன பாடம் படிப்பார்? தன் உடலே ஊருக்கு எச்சரிக்கைப் பலகையானதைத்தான் படிப்பார். தமிழக அரசு 1971இல் தொழுநோயுற்ற இரவலர்க்கென மறுவாழ்வு இல்லங்களைத் தொடங்கியபோது, இந்த மக்களை எச்சரிக்கையாக அன்று, குடிமக்களாகப் பார்த்தது. இயக்கத்தின் ஆட்சி கண்ட அந்தப் பார்வையை, இயக்கத்தின் கலையும் காணவேண்டாமா? சிலை வைத்தே ஆகவேண்டுமென்றால், ஒதுக்கப்பட்டும் ஒடிந்து போகாமல் நின்ற சந்திராவுக்கு வையுங்கள்.

படத்தை எரிக்கச் சொல்லவில்லை நாம், மறைக்கவும் சொல்லவில்லை. பாருங்கள், பலமுறை பாருங்கள். பிள்ளைகள் அந்த வேடத்தைப் போடட்டும். அந்த வசையை, அந்த நையாண்டியை, அந்தக் குரலின் உள்ளே ஒளிந்திருக்கும் ஏக்கத்தைப் பயிலட்டும். போர்வையையும் மடங்கிய விரலையும் மட்டும் விட்டுவிடட்டும். மேடையேறுமுன் ஆசிரியர் ஒருவர் முன்வந்து, "இந்நோய் கிருமியால் வருவது, ஒழுக்கக்கேட்டால் வருவதன்று, மருந்துண்டால் தீர்வது" என்று மூன்று சொல் சொல்லட்டும். அடுத்த ஆண்டுவிழாவில் அந்த மூன்று சொல்லையும் நாமே சொல்வதென்று உறுதி செய்திருக்கிறோம்.

கேள்வி கேட்ட மாணவனிடம் இதைக் கூறினோம். "எங்க ஆயாவையும் கூட்டிட்டு வரட்டுமா, சார்?" என்றான். முதல் வரிசையில் நாற்காலி போட்டுவைக்கிறோம் என்றோம்.